எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு

போன ஆவணியில் ஒருநாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும், தங்கை கூப்பிட்டாள். சித்தப்பா மகள். அப்போது அவளுக்கு நாலாவது மாதம். எப்போதும் வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்புகிறவள் நேரே கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் வாந்தி, சாப்பாடு என்று பேச்சு போனது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அக்கா, அப்பாவுக்கு வந்தது என் பிள்ளைக்கும் வருமா?"

100-ல் எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கை அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஏறக்குறைய 40 வருடமாக இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் கேட்டவள் அப்பத்தா. "ஏன் வந்துச்சு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று அவளே அடுத்ததையும் கேட்டுக்கொள்வாள்.

சித்தப்பாவுக்கு வந்தது மனச்சிதைவு, ஆங்கிலத்தில் ஸ்கிட்சோஃப்ரினியா. 1987-ல் தொடங்கியது. 21 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் தூக்கம் போனது. பிறகு ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்றார். ஆறு மாதத்தில் பேச்சே நின்றுவிட்டது. செய்வினை என்றார்கள், கிணற்றடியில் பயந்துவிட்டான் என்றார்கள். அப்பத்தா அவரைக் கூட்டிக்கொண்டு குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினாள். அந்த 48 நாளில் அவர் கொஞ்சம் சாப்பிட்டார், கொஞ்சம் தூங்கினார், சந்நிதியில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது ஒருமுறை சிரித்தார் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் டாக்டர், மாத்திரை, மாதம் ஓர் ஊசி. தேறினார். ரேஷன் கடை வரைக்கும் தனியாகப் போய்வரும் அளவுக்குத் தேறினார். "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிரும்" என்று 1994-ல் கல்யாணமும் செய்து வைத்தார்கள். பெண் வீட்டாரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அதைச் செய்தது எங்கள் குடும்பம். சித்தி அதை எப்படித் தாங்கினாள் என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

அப்பத்தா தன் மேல் சுமத்திக்கொண்ட குற்றம் ஒன்று உண்டு. சித்தப்பா வயிற்றில் இருந்தது 1966-ல். அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த காலம். இருந்த கொஞ்ச அரிசியைத் தாத்தாவுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் வடித்துவிட்டு, தான் கூழும் மரவள்ளிக் கிழங்குமாக ஓட்டியதாகச் சொல்வாள். "நான் வயித்துக்கு ஒழுங்காப் போடாமத்தான் அவன் மூளை இப்படி ஆச்சா?" சின்ன வயதில் இதைக் கேட்டபோது பாவம், படிக்காத பாட்டியின் பயம் என்று நினைத்தேன். பிறகு உயிர்வேதியியல் படித்தபோது ஒருநாள் நூலகத்தில் தூக்கிவாரிப் போட்டது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்துவிட, அங்கே பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்கள் வளர்ந்தபோது அவர்களிடையே மனச்சிதைவு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு காணப்பட்டது என்று 1996-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சீனாவில் 1959 முதல் 61 வரை நடந்த பஞ்சத்திலும் அதே போன்ற கணக்கு வந்தது.

அப்பத்தாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமா என்று இன்றும் தெரியவில்லை. இரண்டு மடங்கு என்றால் 100-ல் ஒருவர் என்பது 100-ல் இருவர் ஆகிறது. மீதி 98 பேருக்கு வரவில்லை என்று விளக்கியிருக்கலாம். ஆனால் அவள் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்கும்.

தாயைக் குற்றம் சொல்வது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். 1948-ல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு பெயரையே புழக்கத்தில் விட்டார். பிள்ளையைத் தள்ளிவைத்தோ அடக்கியோ வளர்க்கும் தாயால் இந்த நோய் வருகிறது என்ற கருத்து அங்கே இருபது, முப்பது வருடம் மருத்துவப் பாடமாகவே இருந்தது. எத்தனை தாய்மார்கள் மருத்துவர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மரபணுக் காலம் வந்தது. பழி தாயின் வளர்ப்பிலிருந்து தாயின் வம்சத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

என் வேலைக்கு வருகிறேன். படித்து முடித்த பின் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நாலு வருடம் இருந்தேன். எலி மூளையிலிருந்து ஆர்என்ஏ எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. பெரிய கண்டுபிடிப்பு எதிலும் என் பெயர் இல்லை. ஆனால் மரபணு வெளிப்பாடு என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்தது அங்கேதான்.

உடம்பில் ஏறக்குறைய எந்தச் செல்லைத் திறந்தாலும் உள்ளே ஒரே டிஎன்ஏதான். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. கண்ணிலும் அவைதான், கல்லீரலிலும் அவைதான், மூளையிலும் அவைதான். பிறகு எப்படி ஒன்று கண்ணாகவும் ஒன்று மூளையாகவும் ஆகிறது? எனக்கு அப்பத்தாவின் அஞ்சறைப்பெட்டிதான் ஞாபகம் வரும். பெட்டி ஒன்று. அதிலிருந்து ரசத்துக்கு மிளகும் சீரகமும் போகும், மீன்குழம்புக்கு வெந்தயம் போகும். பெட்டியில் வெந்தயம் இருக்கிறதா என்று கேட்டால் 365 நாளும் இருக்கிறது. இன்றைக்கு எவ்வளவு போட்டாள், எப்போது போட்டாள் என்று தெரிய வேண்டுமானால் சட்டியைத்தான் பார்க்க வேண்டும். மரபணு வெளிப்பாடு என்பது சட்டியைப் பார்க்கிற கணக்கு. செல் ஒரு மரபணுவை வாசிக்கும்போது அதன் நகலாக ஆர்என்ஏ உண்டாகிறது. அந்த நகல்களை எண்ணினால் எந்த மரபணு இப்போது எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

எண்ணுவதற்கு முன்னால் கெடாமல் எடுக்க வேண்டுமே, அதுதான் பாடு. டிஎன்ஏ பழைய எலும்புக்குள் ஆயிரக்கணக்கான வருடம் கிடக்கும். ஆர்என்ஏ அப்படிப் பொறுக்காது. நம் விரல் வியர்வையில் இருக்கும் நொதி பட்டாலே சிதைந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, ஐஸ் மேல் குழாயை வைத்து, எலியின் மூளையிலிருந்து வேண்டிய துண்டை நிமிடக் கணக்கில் எடுத்து, திரவ நைட்ரஜனில் முக்குவோம். பிறகு ட்ரைசால் என்ற இளஞ்சிவப்புத் திரவம். அதன் பீனால் வாடை வீடு வரைக்கும் கூட வரும். கடைசியில் எடுத்த ஆர்என்ஏ எவ்வளவு முழுசாக இருக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் வரும். அந்த எண் குறைந்தால் அன்றைய வேலை முழுக்கப் பாழ்.

எலிக்கே இந்தப் பாடு. மனித மூளைக்கு? உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டி எடுக்க முடியாது. ஒருவர் இறந்த சில மணி நேரத்துக்குள், அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்னால்தான் உண்டு. மனநோய்களின் மரபணு வெளிப்பாடு பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அப்படிச் சரி என்று சொன்ன குடும்பங்கள் கொடுத்தது. அமெரிக்காவில் ஃபுல்லர் டோரி என்ற மருத்துவர் இதற்காகவே பெரிய மூளைச் சேகரிப்பை உருவாக்கினார். அவர் தங்கைக்கு மனச்சிதைவு. அதற்குப் பணம் கொடுத்தவர் டெட் ஸ்டான்லி என்ற தொழிலதிபர். அவர் மகனுக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் ஒரு சமயம் எல்லை மீறிய உற்சாகத்துக்கும் ஒரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போய்வரும் பைபோலார் நோய். 2014-ல் பிராட் ஆய்வு நிறுவனத்துக்கு அவர் அறிவித்த நன்கொடை மட்டும் 650 மில்லியன் டாலர். 2012-ல் பாஸ்டன் அருகே ஒரு மூளை வங்கியில் உறைபெட்டி பழுதாகி, ஆட்டிசம் இருந்தவர்களின் 50-க்கும் மேற்பட்ட மூளைகள் கெட்டுப்போன செய்தியைப் படித்தபோது அன்றைக்கு முழுவதும் மனசு சரியில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒரு தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

சரி, எடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சமயத்தில் அளக்கும் சில்லுகள் வந்த புதிதில், 2000-ல் பிட்ஸ்பர்க் குழு ஒன்று மனச்சிதைவு இருந்தவர்களின் முன்மூளைத் திசுவைப் பார்த்தது. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பும் இடத்தில் வேலை செய்யும் மரபணுக்கள் குறைந்திருந்தன. அந்த இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். நான் இணைப்பு என்றே சொல்கிறேன். அப்போது தொடங்கி இன்று வரை யார் பார்த்தாலும் ஏதோ ஒரு வகையில் இந்த இணைப்புகளில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஆனால் இந்த மாதிரி ஆய்வுகளில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. சித்தப்பாவை வைத்துத்தான் யோசிப்பேன். 32 வருடம் மாத்திரை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. பத்து வருடமாகச் சர்க்கரை. சரியான தூக்கமில்லாத ராத்திரிகள் எத்தனை என்று கணக்கே கிடையாது. இப்படி ஒருவரின் மூளையை எடுத்து ஒரு மரபணு குறைந்திருக்கிறது என்று சொன்னால், அது நோயைக் கொண்டுவந்ததா, நோய் கொண்டுவந்ததா, மாத்திரை கொண்டுவந்ததா, பீடியா? எரிந்துபோன வீட்டுக்குள் போய் கருகிக் கிடப்பதையெல்லாம் எண்ணினால் தீ எங்கே பற்றியது என்று தெரிந்துவிடாது. இது ஆய்வாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் குரங்குகளுக்கு அதே மாத்திரைகளைக் கொடுத்து, மாத்திரையால் மட்டும் என்ன மாறுகிறது என்று கழித்துப் பார்க்கிறார்கள்.

அதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. பிறக்கும்போதே கிடைத்த டிஎன்ஏ மாத்திரையாலும் மாறாது, பீடியாலும் மாறாது. ஆகவே முதலில் டிஎன்ஏவில் எந்த எழுத்து மாறியிருந்தால் நோய் கூடுதலாக வருகிறது என்று லட்சக்கணக்கானவர்களிடம் பார்ப்பது. பிறகு அதே எழுத்து மாற்றம் மூளையில் எந்த மரபணுவின் அளவைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று பார்ப்பது. இரண்டு கணக்கும் ஒரே மரபணுவில் வந்து முட்டினால் அது கருகிய சாமான் இல்லை, தீப்பொறியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்படி முட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சி4 என்ற மரபணுவின் கதை.

2009-ல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. மனச்சிதைவுக்கும் டிஎன்ஏவுக்கும் உள்ள தொடர்பில் ஆறாவது குரோமோசோமின் ஒரு பகுதி பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பகுதி எது தெரியுமா? நோயெதிர்ப்பு மரபணுக்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும் இடம். கிருமியோடு சண்டை போடும் மரபணுவுக்கும், காதில் கேட்கும் இல்லாத குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்த இடத்தில் மரபணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எது குற்றவாளி என்று பிரிக்கவும் முடியவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2016 ஜனவரியில், ஸ்டீவன் மெக்கரோல் குழுவின் கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. முதல் பெயர் அஸ்வின் சேகர். அவர்கள் பார்த்த சி4 வினோதமான மரபணு. எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் இருக்காது. சிலரிடம் கூடுதல் நகல்கள், சிலரிடம் குறைவு. ஏ, பி என்று இரண்டு வகை. நீளமானது, குட்டையானது என்று இன்னும் இரண்டு வகை. நீளமானதற்குள் என்றைக்கோ புகுந்த பழங்காலத்து வைரஸ் ஒன்றின் மிச்சம் உட்கார்ந்திருக்கிறது! அவர்கள் சேமித்து வைத்திருந்த மூளைத் திசுக்களில் ஒவ்வொருவரிடமும் எந்த வகை எத்தனை இருக்கிறது என்று எண்ணினார்கள். கூடவே ஆர்என்ஏவையும் அளந்தார்கள். எந்த அமைப்பு இருந்தால் மூளையில் சி4ஏ எவ்வளவு உண்டாகும் என்று கணக்குக் கிடைத்துவிட்டது. பிறகு 22 நாடுகளைச் சேர்ந்த சுமார் 65,000 பேரின் டிஎன்ஏவுக்கு அந்தக் கணக்கைப் போட்டார்கள். மூளையில் சி4ஏ அதிகமாக உண்டாகும் அமைப்பு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வருவது கூடுதலாக இருந்தது. படிப்படியாக, சி4ஏ ஏற ஏற ஆபத்தும் ஏறியது. நோய் இருந்தவர்களின் மூளையில் நேரே அளந்தபோதும் சி4ஏ சுமார் 1.4 மடங்கு இருந்தது.

சரி, மூளையில் சி4க்கு என்ன வேலை? ரத்தத்தில் அது கிருமியின் மேல் அடையாளம் ஒட்டும். அடையாளம் ஒட்டிய கிருமியை விழுங்கும் செல்கள் விழுங்கிவிடும். மூளையிலும் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் அடையாளம்தான் ஒட்டுகின்றன. அங்கே ஒட்டுவது இணைப்புகளின் மேல். பெத் ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளர் இதை எலிகளில் காட்டியிருந்தார். அடையாளம் ஒட்டிய இணைப்புகளை மைக்ரோகிளியா என்ற செல்கள் தின்றுவிடும்.

குழந்தை மூளையில் இணைப்புகள் தேவைக்கு மேல் முளைக்கின்றன. வளர வளர, பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. நெருக்கமாக முளைத்த கீரைப் பாத்தியில் கலைத்து எடுப்பது போல. யோசிக்க, திட்டமிட, அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளையில் இந்தக் கலைப்பு பதின்வயதில்தான் மும்முரமாக நடக்கிறது. 1982-லேயே இர்வின் ஃபைன்பெர்க் என்பவர், பதின்வயதுக் கலைப்பு ஏதோ ஒரு வகையில் தவறிப் போவதுதான் மனச்சிதைவோ என்று எழுதியிருந்தார். கையில் மரபணு எதுவும் இல்லாமல், தூக்கத்தின் மூளை அலைகள் அந்த வயதில் எப்படி மாறுகின்றன என்று பார்த்தே அவ்வளவு தூரம் போயிருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு 1987 ஞாபகம் வந்தது. ஏன் 21 வயதில்? இருபது வருடம் நன்றாக இருந்த பிள்ளை, வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை, ஏன் திடீரென்று? செய்வினை என்று ஊர் நம்பியதற்கே அந்தத் திடீர்தான் காரணம். பிறவியிலேயே வந்ததென்றால் பிறவியிலிருந்தே தெரிய வேண்டாமா என்று தாத்தா கேட்பார். பெட்டி பிறவியிலேயே வந்தது. சட்டியில் அது விழுகிற வேளை பதின்வயதாக இருந்திருக்கலாம்.

இருந்திருக்கலாம் என்றுதான் எழுத முடியும். சித்தப்பாவிடம் சி4 எந்த வகை என்று யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அது மட்டும் எதையும் சொல்லாது. மிக மோசமான சி4 அமைப்பே ஆபத்தைச் சுமார் 1.3 மடங்குதான் ஆக்குகிறது. அந்த அமைப்போடு நம் பக்கத்து வீட்டுக்காரர், நம் பஸ் ஓட்டுநர், நான் என்று ஏராளமானவர்கள் ஒன்றும் ஆகாமல் நடமாடுகிறோம். 2022-ல் வந்த பெரிய ஆய்வு மனச்சிதைவோடு தொடர்புள்ள டிஎன்ஏ இடங்கள் 287 என்றது. சி4 அவற்றில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை.

சிட்டிகை என்று சும்மா சொல்லவில்லை. 2016-ல் காமன்மைண்ட் என்ற கூட்டமைப்பு மனச்சிதைவு இருந்த 258 பேரின் மூளையையும் இல்லாத 279 பேரின் மூளையையும் ஒப்பிட்டது. 693 மரபணுக்களில் வித்தியாசம். ஆனால் வித்தியாசத்தின் அளவு சராசரியாக 1.09 மடங்கு! நூறுக்கு நூற்றொன்பது. ஏதோ ஒரு மரபணு உடைந்து கிடக்கும், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம் என்று இருபது வயதில் நான் கண்ட கனவுக்கு அந்த எண் முடிவு கட்டியது. உப்பு கொஞ்சம் தூக்கல், புளி கொஞ்சம் குறைச்சல், இப்படி 693 இடத்தில்.

சி4 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-ல் அதே குழு காட்டியது இது: மனச்சிதைவின் ஆபத்தைக் கூட்டுகிற அதே சி4 அமைப்புகள் லூபஸ் என்ற நோயிலிருந்து நம்மைக் காக்கின்றன. உடம்பின் நோயெதிர்ப்பே தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையும் தாக்குகிற நோய் அது. ஆக, வம்சத்தில் வந்த கோளாறு என்று நாம் சபிக்கிற அதே அமைப்பு அந்த வம்சத்தில் எத்தனை பேரை வேறொரு நோயிலிருந்து காத்ததோ. கெட்ட ரத்தம் என்று பேசுகிற பெரியப்பாக்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். சத்தமாகவே சொல்கிறேன்.

சித்தப்பாவின் சீட்டுகள் எல்லாம் ஒரு பச்சைக் கோப்பில் இருந்தன. அதில் நோய்க்கு மூன்று பெயர்கள் இருக்கும். முதலில் இருமுனைக் கோளாறு, பிறகு மனச்சிதைவு, 2000-க்குப் பிறகு இரண்டும் கலந்த ஒரு பெயர். டாக்டர்களுக்கே தெரியவில்லை என்று அப்பா எரிச்சல்படுவார். 2018 பிப்ரவரியில் மைக்கேல் கேண்டல், டேனியல் கெஷ்விண்ட் குழு சயன்ஸ் இதழில் எழுதியதைப் படித்ததும் அந்தக் கோப்புதான் கண்ணில் நின்றது. ஆட்டிசம், மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, குடிநோய் என்று ஐந்து வகை, மொத்தம் 700 மூளைத் திசுக்கள். ஆட்டிசம், மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு மூன்றிலும் மரபணு வெளிப்பாட்டு மாறுதல்கள் பெருமளவு ஒத்துப்போயின. இணைப்புகளுக்கான மரபணுக்கள் குறைவு. ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களின் மரபணுக்கள் கூடுதல். எந்த இரண்டு நோய்க்கு டிஎன்ஏ உறவு நெருக்கமோ அவற்றின் சட்டிக் கணக்கும் நெருக்கமாக இருந்தது. குடிநோய் மட்டும் தனியாக நின்றது. நாம் நோய்களுக்கு நடுவே கட்டிய சுவர் மூளைக்குத் தெரியாது போல. டாக்டர்கள் தடுமாறியதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை என்று அப்பாவுக்கு விளக்கினேன், பாதி நம்பினார்.

இப்போது செல் செல்லாகப் பிரித்தே எண்ண முடிகிறது. முன்பெல்லாம் திசுவை அரைத்து எடுத்ததால் எந்தச் செல்லின் கணக்கு எது என்று தெரியாது. சாம்பாரை அரைத்துக் குடித்துவிட்டு முருங்கைக்காய் வெந்ததா என்று கேட்பது மாதிரி. 2024-ல் மெக்கரோல் குழு 22 வயதிலிருந்து 97 வயது வரை 191 பேரின் முன்மூளையை இப்படிப் பார்த்தது. நரம்புச் செல்லும் ஆஸ்ட்ரோசைட்டும் சேர்ந்து இயங்குவது தெரிந்தது. நரம்புச் செல் இணைப்புக்கான மரபணுக்களைக் கூட்டினால், பக்கத்து ஆஸ்ட்ரோசைட்டும் அதற்கு உதவும் மரபணுக்களைக் கூட்டுகிறது. இந்தக் கூட்டு வேலை மனச்சிதைவில் குறைந்திருந்தது. நோயே இல்லாதவர்களிடமும் வயதாக ஆகக் குறைந்தது. "முப்பத்தஞ்சுலயே கெழவனாயிட்டான்டி என் புள்ள" என்று அப்பத்தா புலம்புவாள். சாவி எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா, நாலு பேர் பேசும்போது யார் என்ன சொன்னார்கள் எதுவும் அவருக்கு நிற்காது. அவள் வாயில் வந்தது உவமை. 191 பேரின் மூளையில் அதற்கு ஒரு பொருள் இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் இந்த ஆராய்ச்சியிலிருந்து இன்னும் ஒரு மாத்திரை கூட வரவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கா மனச்சிதைவுக்கு ஒரு புது வகை மருந்தை அனுமதித்தது. அதன் முக்கிய வேதிப்பொருள் 1990-களில் அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்டபோது தற்செயலாகக் கவனத்துக்கு வந்தது. மரபணு வெளிப்பாட்டுக்கு அதில் பங்கில்லை. சி4-ஐக் குறைத்தால் போதுமே என்று கேட்கலாம். குறைத்தால் லூபஸ் பக்கம் கதவு திறக்குமே? எந்த வயதில், எந்தச் செல்லில், எவ்வளவு குறைப்பது? அவசரப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அவசரப்பட்டவள்தான். ஆனால் இது மெதுவாகத்தான் நடக்கும்.

இன்னொரு கவலை எனக்கு நெருக்கமானது. இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரின் டிஎன்ஏவிலும் மூளையிலும் எடுத்தவை. அவற்றை வைத்து நமக்கு ஆபத்துக் கணக்குப் போட்டால் சரியாக வராது. எச்சிலை அனுப்பினால் உங்கள் பிள்ளைக்கு மனநோய் வருமா என்று சொல்கிறோம் என்று யாராவது வந்தால் தயவுசெய்து பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அதனால்தான் 2019-ல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்த ஒரு கட்டுரையை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. ஸ்கார்ஃப் என்பது மனச்சிதைவுக்கான ஆய்வு அமைப்பு, 1984-ல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கியது. கட்டுரையில் முதல் பெயர் சதீஷ் பெரியசாமி. ஆய்வில் 3,092 பேர். எட்டாவது குரோமோசோமில் ஓர் இடம் மேலே வந்தது. அந்த இடம் என்ஏபிஆர்டி1 என்ற மரபணுவின் வெளிப்பாட்டு அளவோடு தொடர்புள்ளது. அந்த மரபணு செய்வது நியாசின் என்கிற வைட்டமின் பி3-ஐ உடம்பு பயன்படுத்த உதவும் நொதி. வரிக்குதிரை மீனில் அந்த மரபணுவை முடக்கிப் பார்த்தபோது மூளை வளர்ச்சி தொடர்பான மாறுதல்களும் தெரிந்தன.

நியாசின் குறைந்தால் பெல்லாக்ரா வரும். தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி தடுமாறும். தக்காணத்தில் சோளத்தை மட்டும் நம்பியிருந்த ஏழைகளிடம் அது ஏன் வருகிறது என்று 1960-களில் ஹைதராபாத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். உணவும் மனமும் நியாசின் வழியாகத் தொடுவது நம் பக்கத்து மருத்துவத்துக்குப் புதிதல்ல. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் பி3 மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். கனடாவில் 1950-களிலேயே மனச்சிதைவுக்கு நியாசினை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. இங்கே பேச்சு ஒரு மரபணு எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பற்றி. விழுங்கினால் அது சரியாகிவிடும் என்று யாரும் காட்டவில்லை.

அந்த 3,092 பேரில் சித்தப்பாவின் ரத்தம் இல்லை. அவர் 2019 மார்கழியில் மாரடைப்பில் போனார். 53 வயது. மனச்சிதைவு உள்ளவர்கள் சராசரியாகப் பத்து வருடத்துக்கும் மேல் முன்னதாகவே போய்விடுகிறார்கள், பெரும்பாலும் இதயத்தால். காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 1995 முதல் மூளைத் திசு சேமிப்பகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலிருந்து எட்டு மணி நேரம். பஸ்ஸில் போகும்போதே கணக்குப் போட்டேன். திசு எத்தனை மணி நேரம் தாங்கும், யாரிடம் பேச வேண்டும், யார் கையெழுத்து. வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி என் தோளில் விழுந்து அழுதாள். "இனிமே அவரு மண்டைக்குள்ள யாரும் பேச மாட்டாங்கள்ல?" என்றாள். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. சாயந்திரம் நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

தங்கையிடம் அன்று ராத்திரி என்ன சொன்னேன் என்று எழுதிவிடுகிறேன். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது 100-ல் சுமார் 10. பேரப்பிள்ளைக்கு 100-ல் 5 அல்லது அதற்கும் கீழே. ஒரே டிஎன்ஏ உள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வராமல் இருப்பதுதான் அதிகம். "அப்ப மத்தது என்ன?" என்றாள். தெரிந்ததைச் சொன்னேன். நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், பிரசவச் சிக்கல் வராமல் பார்ப்பது, பிள்ளை வளர்ந்தால் பதின்வயதில் கஞ்சா பக்கம் போகாமல் பார்ப்பது. எல்லாம் செய்தும் வந்தால் யாருடைய குற்றமும் இல்லை. கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். பிறகு, பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். பிள்ளை பெற்ற முதல் சில வாரங்கள், இப்படிக் குடும்ப வரலாறு உள்ள பெண்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காலம். பதில் இல்லை. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரிப் படிவத்தில் குடும்பத்தில் மனநோய் உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டதாக அப்புறம் சொன்னாள்.

ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி பரணிலிருந்து பச்சைக் கோப்பை இறக்கிக் கொடுத்தாள். உள்ளே சீட்டுகளோடு குணசீலத்துப் பிரசாதப் பொட்டலம் ஒன்று மடித்தபடி இருந்தது. தங்கை அதை எடுத்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரப் பரிசோதனைக்கு நானும் போனேன், அவள் கணவரும் வந்தார். டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் படிவத்தை எடுத்து, 'குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய்' என்ற கட்டத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு எழுதினார்: ஆம், தகப்பனார்.